எல்ஸி டி வுல்ப் அம்மையாரும் இல்லத்தின் வண்ணங்களும்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தர் வாழ்விற்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் உண்டியின் சுவையைப் பற்றி வாதிடாதார் இல்லை. உடையின் நிறத்தைத் தேர்தற்பொருட்டு அங்காடியில் அரைநாட் பொழுதைக் கழிப்பாரும் பலராவர். உறையுளின் உட்புறமோ, தச்சனும் வண்ணம் பூசுவோனும் விட்டுச்சென்றவாறே பெரும்பாலும் கிடந்துவிடுகின்றது. நாம் கண்விழிப்பதும், நோயுற்றுக் கிடப்பதும், நூல் பயில்வதும், நண்பரோடு அளவளாவுவதும் அச்சுவர்களுக்கு நடுவிலேதான். ஆயினும் அவற்றின் நிறம் நமக்கு நன்மை செய்கின்றதா தீமை செய்கின்றதா என்று ஒருநாளேனும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அங்ஙனம் எண்ணிப் பார்ப்பதையே தம் தொழிலாகக் கொண்டு, அத்தொழிலுக்கு உலகில் ஒரு பெயரையும் ஊதியத்தையும் தேடித் தந்தோருள் முதன்மையானவர், அமெரிக்க நாட்டினராகிய எல்ஸி டி வுல்ப் அம்மையார். அவர் எவ்வெவ் அறைகளை விரும்பினார், எவ்வெந் நிறங்களைத் தெரிந்துகொண்டார், ஏன் தெரிந்துகொண்டார் என்பவற்றை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவற்றுள் 'ஏன்' என்னும் வினாவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. நிறமென்பது அவரவர் மனவிருப்பம் என்று சொல்லி அமைதல் எளிது. அம்மையாரின் தெரிவுகளையோ ஆராய்ந்து நோக்குங்கால், அவை வெறும் விருப்பமாக நில்லாமல், அறைக்குள் வரும் ஒளிக்கும் அதில் வாழ்வோரின் தேவைக்கும் தக்க விடைகளாக அமைந்திருத்தல் புலனாகும்.

அம்மையார் 1859ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ஒரு மருத்துவரின் மகளாகப் பிறந்தார். அவர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றில் தம் இளமையின் நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிட்டுள்ளார். ஒருநாள் பள்ளியினின்றும் வீடு திரும்பிய அச்சிறுமி, பெற்றோர் புதிதாக ஒப்பனை செய்வித்த வரவேற்பறைக்குள் ஆவலோடு ஓடினாள். சுவரெங்கும் புதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது. மங்கிய பழுப்பு நிலத்தின்மேல் சாம்பல் நிற ஓலைகளும், சிவப்பும் பச்சையுமான திட்டுக்களும் அத்தாளில் நிறைந்திருந்தன. அதனைக் கண்ட அளவிலே அவள் தரையில் விழுந்து, காலை உதைத்துக்கொண்டு, அழகற்றது அழகற்றது என்று கதறி அழுதாளாம். வயது முதிர்ந்தபின் எழுதப்பெறும் வரலாறுகளில் இளமை நிகழ்ச்சிகள் சற்றே மெருகேறி வருதல் இயல்பு. எனவே அழுகையின் அளவைப் பற்றி யான் உறுதி கூறேன். ஆயினும் அக்குழந்தை வெறுத்த அறை எத்தகையது என்பதை மட்டும் அக்காலத்து நிழற்படங்களால் நாம் நன்கு அறியக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூயார்க்கிலும் இலண்டனிலும் செல்வர் இல்லங்களின் உட்புறம் இருண்டு கிடந்தது. கருமரத்தால் ஆன அறைகலன்கள், கருஞ்சிவப்பும் கரும்பச்சையுமான வெல்வெட்டுத் திரைகள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடுக்குத் தொங்கும் பலகணிச் சீலைகள், சுவர் தெரியாதபடி மாட்டிய படங்களும் தட்டுகளும், மூலைதோறும் தொட்டிச் செடிகள், மேசைதோறும் சிறு பொம்மைகள், இவை எல்லாவற்றின்மேலும் குஞ்சம் தொங்கும் விரிப்புகள் என்றவாறு அவ்வறைகள் நிறைந்திருந்தன. பொருளின் மிகுதியே செல்வத்தின் சான்றாகக் கருதப்பட்ட காலம் அது.

இவ்விருளுக்குச் செல்வச் செருக்கு மட்டுமே காரணம் என்று கூறிவிடுதல் நேர்மையன்று. அந்நாளில் வீட்டைச் சூடேற்றியது நிலக்கரி. விளக்கேற்றியது நிலக்கரி வாயு. இரண்டும் புகையையும் கரியையும் கக்குவன. வெளிறிய சுவரொன்று ஒரு குளிர்காலத்துக்குள் அழுக்கேறிவிடும். கருஞ்சுவரோ அவ்வழுக்கை மறைத்துக்கொள்ளும். அன்றியும், வாயு விளக்கின் ஒளி மஞ்சள் பாய்ந்தது. அதன் கீழ் மென்னீலம் உயிரிழந்து சாம்பலாய்த் தோன்றும். செந்நிறமும் பொன்னிறமுமே பொலிவுடன் விளங்கும். ஆகவே அக்காலத்தார் கருஞ்சிவப்பை நாடியதில் ஓர் அறிவும் இருந்தது. (அவர்கள் நாடிய பச்சையில் மட்டும் அவ்வறிவைக் காணோம். ஷீலே என்னும் வேதிநூல் அறிஞர் 1775ஆம் ஆண்டளவில் கண்ட பச்சைச் சாயத்தில் பாடாணம் கலந்திருந்தது. அதனைப் பூசிய சுவர்த்தாள்கள் பல்லாண்டுகள் வீடுகளில் ஒட்டப்பட்டு வந்தன.)

1882ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க்கு நகரின் பேர்ல் தெருவில் தம் மின்னிலையத்தைத் திறந்தார். புகையற்ற விளக்கு மெல்ல மெல்ல வீடுகளுக்குள் புகுந்தது. கரியை மறைக்க வேண்டிய கட்டாயம் நீங்கத் தொடங்கியது. எனினும் கண்ணும் மனமும் பழகிய இருளை எளிதில் விடுவன அல்ல. விளக்கு மாறியும் சுவர் மாறாதிருந்த அந்த இடைவேளையில்தான் நம் அம்மையார் தோன்றுகின்றார்.

அவர் முதலில் ஏறியது நாடக மேடை. தந்தையார் 1890ஆம் ஆண்டில் இறந்தபோது குடும்பத்துக்கு விட்டுச்சென்றது பெரும்பாலும் கடனே. வருவாயின்றி வாழவியலாத நிலையில், முன்பு பொழுதுபோக்காக நடித்துவந்த அவர் நடிப்பையே தொழிலாக மேற்கொண்டார். நடிப்பினும் அவர் பாரிசிலிருந்து வருவித்து அணிந்த உடைகளே மிகுதியாகப் பாராட்டப்பட்டன என்பர். உடையின் நிறமும் மேடை விளக்கும் ஒன்றோடொன்று எங்ஙனம் உறவாடும் என்பதை அவர் அங்கே கற்றிருத்தல் கூடும் என்பது என் கருத்து. நாடகாசிரியர்களின் முகவராக விளங்கிய எலிசபெத் மார்பரி என்னும் தோழியாரோடு 1892ஆம் ஆண்டில் கிழக்கு 17ஆம் தெருவிலுள்ள ஒரு சிறு வீட்டில் அவர் குடியேறினார். வாஷிங்டன் இர்விங் என்னும் எழுத்தாளர் அவ்வீட்டில் வாழ்ந்தார் என்றொரு கதை உண்டு. அதற்குச் சான்று ஏதுமில்லை. ஆயினும் அம்மையார் அக்கதையை மறுத்தாரல்லர். பரவுதற்கு உதவியே புரிந்தார்.

அவ்வீட்டு உணவறையை ஒரே நிழற்படக் கூடத்தார் இருமுறை படம் பிடித்துள்ளனர். முதற்படம் 1896ஆம் ஆண்டினது. அடுத்தது 1898ஆம் ஆண்டினது. இரண்டுக்கும் இடைப்பட்டது இரண்டே ஆண்டு. சுவரும் கணப்பும் பலகணியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் முதற்படத்தைக் கண்டவர் இரண்டாவதைக் கண்டால் வேறொரு வீடென்றே மயங்குவர். முதலாவதில் கருமரமும், சுவரில் மாட்டிய தட்டுகளும், கண்ணை உறுத்தும் கோலங்களும் நெருங்கிக் கிடக்கின்றன. இரண்டாவதில் தட்டுகள் இல்லை. மரவேலை முழுவதும் வெண்ணிறம் பூண்டுள்ளது. கனத்த நாற்காலிகளுக்கு மாறாக மெல்லிய வெண்ணிற நாற்காலிகள் நிற்கின்றன. நிலைக்கண்ணாடி பலகணியின் ஒளியை வாங்கி எதிர்ச்சுவருக்கு வழங்குகின்றது. ஒரு சுவரையும் இடிக்காமல், ஒரு சாளரத்தையும் திறவாமல், நீக்குதலாலும் வெண்மை பூசுதலாலும் மட்டுமே அவ்வறை பெரிதாயிற்று.

இது கண்கட்டு வித்தையன்று. இதன் காரணத்தைச் சற்றே விளக்குதல் வேண்டும். நாம் ஓர் அறையில் காணும் ஒளியெல்லாம் பலகணியினின்றும் நேரே நம் கண்ணை அடைந்ததன்று. பெரும்பகுதி சுவரில் மோதி, கூரையில் மோதி, மீண்டும் சுவரில் மோதி நம்மை வந்தடைவது. நல்ல வெண்பூச்சு தன்மேல் விழும் ஒளியிற் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பி அனுப்பும். கரும்பச்சையோ பத்தில் ஒரு பங்கையே ஏறத்தாழத் திருப்பும்; எஞ்சியதைத் தானே விழுங்கிவிடும். முதல் மோதலில் நூறு பங்கு ஒளி வெண்சுவரில் விழுமாயின் எண்பது மீளும். இரண்டாம் மோதலுக்குப்பின் அறுபத்து நான்கும், மூன்றாவதற்குப்பின் ஐம்பத்தொன்றும் நிற்கும். கருஞ்சுவரில் முதல் மோதலுக்குப்பின் பத்து, இரண்டாவதற்குப்பின் ஒன்று, மூன்றாவதைப் பற்றிக் கூறவே வேண்டா. ஆகவே கருஞ்சுவருள்ள அறையில் பலகணிக்கு அருகே மட்டும் பகலிருக்கும். மூலைகளில் மாலையே இருக்கும். மூலை இருண்டால் அறையின் எல்லை முன்னே வந்து நம்மை நெருக்குவது போலத் தோன்றும். நியூயார்க்கின் பழுப்புக்கல் வீடுகள் இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டியவை. முன்னும் பின்னும் அன்றிப் பலகணிக்கு இடமே இல்லாதவை. அத்தகைய நீண்டு குறுகிய வீடுகளில் வெண்மை அணி மட்டுமன்று. இன்னொரு பலகணிக்கு ஒப்பானது.

தம் வீட்டைக் கண்டு வியந்தோர் தம் வீடுகளையும் அங்ஙனம் ஆக்கித்தருமாறு வேண்டவே, அம்மையார் நாடகத்தைத் துறந்து, தொழில் அட்டைகள் அச்சிட்டு, மனை ஒப்பனையைத் தொழிலாகத் தொடங்கினார். தம் பெயரிலுள்ள ஓநாயே மலர்க்கொத்தொன்றை ஏந்திநிற்கும் உருவத்தை அதற்கு இலச்சினையாகக் கொண்டார். அப்போது அவருக்கு அகவை நாற்பத்தைந்துக்கு மேல். அக்காலத்தில் அறைகளை ஒப்பனை செய்து வந்தோர் பெரும்பாலும் அறைகலன் விற்போரும், திரை தைப்போரும், கட்டடக் கலைஞருமாகிய ஆடவரே. தக்க பயிற்சியும் பட்டமும் இல்லாத ஒரு பெண் அத்துறையில் ஊதியம் கேட்டது பலருக்கு வியப்பாயிருந்தது. கணவன் பொருளோ தந்தை பொருளோ இன்றித் தன் கண்ணின் கூர்மையையே முதலாகக் கொண்டு ஒருத்தி வாழவியலுமா என்பதே அன்று அவர் முன்னின்ற வினா. வெண்ணிறமோ பழுப்போ என்னும் வினாவின் பின்னே இப்பெரிய வினாவும் மறைந்து நின்றது என்பதை நாம் மறத்தலாகாது.

அதற்கு விடையாக வாய்த்தது காலனி கிளப். நியூயார்க்குப் பெண்மக்கள் தமக்கெனத் தோற்றுவித்த சங்கம் அது. அதன் மாளிகையைக் கட்டியவர் ஸ்டான்போர்டு வொயிட் என்னும் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். உட்புற ஒப்பனையை டி வுல்ப் அம்மையாரிடமே ஒப்புவிக்க வேண்டும் என்று அவரும் பரிந்துரைத்தார். 1906ஆம் ஆண்டில் வொயிட் கொலையுண்டு இறந்தார். மாளிகை 1907ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. உள்ளே வந்தோர் ஆடவர் சங்கங்களில் உள்ளன போன்ற தோலிருக்கைகளும் கருமரமும் எதிர்பார்த்தனர் போலும். கண்டனவோ வெளிறிய சுவர்களும், சீட்டித் துணித் திரைகளும், இலேசான அறைகலன்களுமாம்.

அம்மாளிகையில் யாவராலும் பேசப்பட்டது தேநீர் அறை. அதன் சுவர்களெங்கும் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்த மரச்சட்டத் தட்டிகள், தோட்டத்திற் கொடி படரவிடும் தட்டிகளைப் போன்றவை, பச்சை வண்ணம் பூசி அமைக்கப்பட்டிருந்தன. கீழே ஓடு பரப்பிய தரை, ஒருபுறம் நீரூற்று, அமர்தற்குப் பிரம்பு நாற்காலிகள். தோட்டத்தை வீட்டுக்குள் அழைத்துவந்ததே இவ்வறையின் நுட்பம். நகரின் நடுவே, பனி கொட்டும் காலத்திலும், ஒரு கொடிப்பந்தரின் கீழ் அமர்ந்திருக்கும் உணர்ச்சியை அது தந்தது. தட்டியின் சட்டங்களுக்கு இடையே வெண்சுவர் தெரிவதால் பச்சை கண்ணை அழுத்துவதில்லை. இலைகளுக்கிடையே வானம் தெரிவது போலாம். பச்சையும் வெண்மையும் இணைந்த இச்சேர்க்கை அம்மையாரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை. சங்கம் 1916ஆம் ஆண்டில் வேறு மாளிகைக்குப் பெயர்ந்தது. பழைய மாளிகையில் 1963ஆம் ஆண்டிலிருந்து ஒரு நாடகக் கலைக்கழகம் நடந்துவருகின்றது. மேடையை விட்டு வந்தவர் ஒப்பனை செய்த மாளிகையை மேடையே வந்து பற்றிக்கொண்டது.

1913ஆம் ஆண்டில் அம்மையாரின் கொள்கைகள் 'நற்சுவை இல்லம்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வெளிவந்தன. அதனை எழுத்து வடிவாக்கியவர் ரூபி ராஸ் குட்னோ என்னும் இளம் எழுத்தாளர். பின்னாளில் அவரும் பெயர்பெற்ற மனை ஒப்பனையாளர் ஆனார். பொருத்தம், எளிமை, அளவு என்னும் மூன்றையும் அந்நூல் வலியுறுத்துகின்றது. மூன்றனுள்ளும் பொருத்தமே தலையாயது. ஓர் அறையில் எதை வைப்பது என்று கேட்குமுன், அவ்வறையில் யார் என்ன செய்யப்போகின்றனர் என்று கேட்கவேண்டும் என்பது அதன் கருத்து. இப்போது இஃது எளிய உண்மையாகத் தோன்றும். விருந்தினர் வரும் நாளுக்காக மட்டும் பூட்டிவைத்த வரவேற்பறைகளைக் கண்டவர்களுக்கே இதன் அருமை விளங்கும்.

இக்கொள்கையிலிருந்தே அவர் விரும்பிய இடங்களும் பிறக்கின்றன. வரவேற்பறையினும் அவருக்கு உவப்பானவை தனித்திருத்தற்குரிய சிறிய அறைகளே. படுக்கையறையில் ஓர் எழுதுமேசை வேண்டும். அதில் மையும் தாளும் எந்நேரமும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். படுக்கையின் அருகே படித்தற்கேற்ற உயரத்தில் விளக்கு வேண்டும். சாய்ந்திருக்கும் நாற்காலி ஒவ்வொன்றன் அருகிலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிறு மேசை வேண்டும். கூரையின் நடுவிலிருந்து தொங்கி எல்லார் தலையிலும் ஒளியைக் கொட்டும் சரவிளக்கை அவர் விரும்பவில்லை. சுவரோரத்து விளக்குகளையும் மேசை விளக்குகளையுமே விரும்பினார். முகத்தின்மேல் மேலிருந்து விழும் ஒளி கண்ணின் கீழ் நிழலிடும். பக்கத்திலிருந்து வரும் ஒளி அந்நிழலை நீக்கும். முன்னாள் நடிகையாரை யார் ஏமாற்றவல்லார்?

குளியலறையைப் பற்றி அவர் கொண்ட எண்ணம் இன்னும் புதுமையானது. அது மறைத்துவைக்கத்தக்க இடமன்று, வாழத்தக்க அறைகளுள் ஒன்று என்று அவர் கருதினார். பாரிசு நகரில் அயேனா நிழற்சாலையில் இருந்த அவரது இல்லத்துக் குளியலறையிற் கணப்பும், சாய்விருக்கையும், கண்ணாடிகளும் இருந்தன. நண்பர்கள் அங்கே அமர்ந்து உரையாடுவதும் உண்டாம். இஃது எனக்குச் சற்று மிகையாகவே படுகின்றது.

நிறத்தைத் தெரியுமிடத்து அவர்போன்றோர் முதலில் நோக்குவது அறையின் திசையை. வடபுலத்து நாடுகளில் வடக்கு நோக்கிய பலகணிக்கு நேர்வெயில் வாராது. நீலவானத்தின் குளிர்ந்த ஒளியே வரும். அவ்வொளியில் சாம்பலும் நீலமும் மேலும் குளிர்ந்து, அறை நோயாளியின் முகம் போலாகும். அங்கே வெண்ணெய் மஞ்சளும், தந்த நிறமும், ரோஜாவின் இளஞ்சிவப்பும் பூசினால் வாராத வெயில் வந்தது போலத் தோன்றும். தெற்கு நோக்கிய அறைக்கு நேர்மாறாக, வெயிலின் வெம்மையைத் தணிக்கும் சாம்பலும் மென்பச்சையும் நீலமும் பொருந்தும். ஒரே குப்பியிலிருந்து எடுத்த வண்ணம் இரண்டு அறைகளில் இரண்டு நிறமாகத் தோன்றுதல் இதனாலேயாம். கடையிற் காட்டும் சிறு சீட்டைக் கண்டு வண்ணம் வாங்கிப் பின் வருந்துவோர், சுவரில் ஒரு முழ அளவு பூசிக் காலையிலும் மாலையிலும் விளக்கேற்றிய பின்னும் பார்த்தல் நன்று.

அம்மையார் மிகுதியாகக் கையாண்ட சீட்டித் துணியைப் பற்றி இங்கே நின்று சில சொற்கள் கூறவேண்டும். ஏனெனில் அதன் வேர் நம் கடற்கரையில் உள்ளது. வெளிறிய நிலத்தில் பூவும் கொடியும் அச்சிட்டு மெருகேற்றிய பருத்தித் துணியே ஆங்கிலத்தில் 'சின்ட்ஸ்' எனப்படும். அப்பெயரும் நம் 'சீட்டி'யும் ஓரினத்துச் சொற்களே. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்தும் மேலைக்கரையிலிருந்தும் சென்ற வண்ணமெழுதிய பருத்தித் துணிகள் ஐரோப்பியரை மயக்கின. வெளுத்தாலும் நிறம் மாறாத பருத்தியை அவர்கள் முன்பு கண்டதில்லை. படிகாரம் முதலிய காரங்களால் துணியைப் பதப்படுத்திச் சாயத்தை நூலோடு பிணைக்கும் முறை நம் கைவினைஞர் அறிந்திருந்தது. தம் நாட்டு நெசவு அழியும் என்று அஞ்சிய பிரான்சு அரசு 1686ஆம் ஆண்டில் அத்துணிகளைத் தடைசெய்தது. அத்தடை 1759ஆம் ஆண்டு வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1701, 1721ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் தடைவிதித்தது. தடையின் மறைவில் அவர்களே அத்தொழிலைக் கற்றுக்கொண்டனர். அம்மையாரின் காலத்தில் சின்ட்ஸ் இங்கிலாந்தின் ஆலைகளில் அச்சாகும் எளிய துணியாகி, நாட்டுப்புற வீடுகளுக்கே உரியதெனக் கருதப்பட்டு வந்தது.

அத்துணியைக் காலனி கிளப் போன்ற செல்வர் மாளிகையில் அவர் தொங்கவிட்டபோது நகைத்தாரும் உளர். அவரோ அதன் நலன்களை அறிந்திருந்தார். வெல்வெட்டு ஒளியை உண்ணும். மெருகிட்ட பருத்தி ஒளியை உமிழும். வெல்வெட்டிற் புழுதி தங்கும். சீட்டி துவைத்தற்கு எளிது. அன்றியும் ஒரு சீட்டியிலுள்ள பூவின் சிவப்பையும் இலையின் பச்சையையும் எடுத்து, அறையின் பிற பொருள்களுக்கு அவற்றையே வழங்கினால், நிறங்கள் தம்முள் பூசலிடாமல் ஒரு குடும்பமாக அமையும். நிறத்தேர்வில் தடுமாறுவோருக்கு இதனினும் எளிய வழியை யான் அறியேன்.

இதுகாறும் புகழ்ந்துரைத்தேன். இனிக் குறையும் கூறவேண்டும். எளிமையைப் போற்றிய அம்மையார் பணிசெய்தது பெரும்பாலும் பெருஞ்செல்வர்க்கே. எஃகுத் தொழிலாற் பொருள் குவித்த ஹென்றி கிளே பிரிக்கு என்பார் 1913, 1914ஆம் ஆண்டுகளில் நியூயார்க்கிற் கட்டிய மாளிகையின் மேல்தள அறைகளை ஒப்பனை செய்யும் பணி அவருக்குக் கிடைத்தது. வாங்கும் பொருளின் விலையில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு ஊதியம். பாரிசில் ஒருநாட் காலை, பிரிக்கு கோல்பு ஆடச் செல்லுமுன் ஒதுக்கிய அரைமணி நேரத்தில், பிரெஞ்சு மன்னர் காலத்து அறைகலன்களை அவருக்கு வாங்குவித்துத் தம் வாழ்நாளுக்குப் போதிய ஊதியம் பெற்றதாக அம்மையாரே எழுதியுள்ளார். ஊதியம் பொருளின் விலையோடு ஏறுமாயின், எளிமையைப் பரிந்துரைக்கும் வாய் எத்துணை உறுதியாக நிற்கும்? பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாற்காலியின்பால் அவர் கொண்ட காதலில் ஒரு பகுதி இக்கணக்கினின்றும் பிறந்ததோ என்று ஐயுறுகின்றேன். அம்மாளிகையின் கீழ்த்தளம் 1935ஆம் ஆண்டில் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. குடும்பத்தார் வாழ்ந்த மேல்தள அறைகளோ 2025ஆம் ஆண்டில்தான் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன.

வெண்ணிற அறைகளைத் துடைத்துத் தூய்மை செய்தவர் யார் என்னும் வினாவும் உண்டு. கரியை மறைக்காத சுவரை வைத்திருப்பதற்கு ஏவலர் வேண்டும். அவர்கள் பெயர் எந்நூலிலும் இல்லை. மேலும், அக்காலத்து வெண்பூச்சு பெரும்பாலும் ஈயத்தால் ஆனது. அதனை உராய்ந்து பூசிய தொழிலாளரின் உடலில் ஈயம் நஞ்சாகச் சேர்ந்தது. அமெரிக்க நாட்டில் வீடுகளுக்கு ஈயப்பூச்சு 1978ஆம் ஆண்டிலேதான் தடைசெய்யப்பட்டது. இப்போது வெண்மை தருவது டைட்டேனியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடு.

தமக்கென அம்மையார் விரும்பி வாழ்ந்த இல்லம் பிரான்சு நாட்டில் வெர்சேல்சு அரண்மனைப் பூங்காவின் ஓரத்திலிருந்த 'வில்லா திரியானோன்'. தோழியர் சேர்ந்து வாங்கிச் செப்பனிட்ட பழைய வீடு அது. அங்கே பலகணியைத் திறந்தால் அரசர்கள் வளர்த்த மரங்கள் தெரியும். ஆகவே வீட்டுக்குள்ளும் வெண்மையும் பச்சையுமே ஆட்சிசெய்தன. முதல் உலகப்போரில் அவர் தீப்புண்பட்ட போர்வீரர்க்குச் செவிலியராகப் பணியாற்றி, பிரான்சு அரசின் விருதுகளையும் பெற்றார். 1926ஆம் ஆண்டில் சர் சார்லஸ் மெண்டல் என்பாரை மணந்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கலிபோர்னியாவிற் குடியேறியபோதும், அங்குள்ள தம் வீட்டைப் பச்சையும் வெண்மையுமான பட்டைகளால் அணிசெய்தார். போர் முடிந்தபின் வெர்சேல்சுக்குத் திரும்பி, 1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அவ்வில்லத்திலேயே உயிர்நீத்தார்.

அவர் பெயரோடு என்றும் இணைத்துப் பேசப்படும் நிறமொன்று எஞ்சியுள்ளது. அது 'பேஜ்' எனப்படுவது. பிரெஞ்சு மொழியில் அச்சொல் சாயமேற்றாத இயற்கைக் கம்பளியின் நிறத்தைச் சுட்டும். இதற்குத் தமிழில் நேரான ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தேன். பழுப்பு என்றால் இருண்டுவிடுகின்றது. சந்தனம் என்றால் மஞ்சள் மிகுகின்றது. மணல் நிறம் என்பது ஒருவாறு ஒக்கும், உலர்ந்த மணலாயின். வெண்மையின் கூர்மையும் பழுப்பின் கனமும் இன்றி, எந்நிறத்தோடும் இணங்கிப் பின்னே நிற்கும் இயல்பினால், அறையிலுள்ள மக்களையும் மலர்களையும் அது முன்னே காட்டும். அதனை அம்மையார் விரும்பியதன் காரணம் அதுவே.

ஏதென்சு நகரத்துப் பார்த்தினான் கோயிலை முதன்முறை கண்டபோது, தம் நிறமாகிய பேஜே அங்கும் நிற்கின்றது என்று அவர் மகிழ்ந்து கூவியதாகச் சொல்வர். அக்கோயிலின் பளிங்கு வெட்டியபோது வெண்மையானது. அதிற் சிறிதளவு கலந்துள்ள இரும்பு நெடுங்காலம் காற்றும் மழையும் பட்டுத் தேனிறம் பாய்ந்தது. அதுமட்டுமன்று. பண்டைக் கிரேக்கர் தம் கோயிலின் சிற்பங்களுக்கு நீலமும் சிவப்பும் தீட்டியிருந்தனர். பிரித்தானியக் காட்சிச்சாலையிலுள்ள பார்த்தினான் சிற்பங்களில் எகிப்திய நீலத்தின் சுவடுகள் இன்னும் ஒட்டியிருப்பதை 2009ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். அம்மையார் கண்டு களித்த நிறம், தீட்டியவர் தீட்டிய நிறமன்று. இரண்டாயிரத்து நானூறு ஆண்டு வெயில் மெல்ல மெல்லக் களைந்து விட்டுவைத்த நிறமாகும்.